ஆறரை

நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு
எட்டுப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.
பக்கத்துக்கு நாற்பது டாலர்.
காப்பகத்தின் சாவி ஒரு வாரம் என்னிடம்.

முதல் பேரேட்டைச் சணலால் கட்டியிருந்தது.
1898, சோள அறுவடை முடிந்த நவம்பர்.
அன்னை வால்பர்காவின் எழுத்து
குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது:
அடுப்பு ஒன்று. பெஞ்சு நான்கு, கடன்.
பாடுபட்ட சுரூபம் ஒன்று, இடக்கை இல்லை.
மாணவிகள் ஆறரை.

ஆறரை.
விரலால் தடவிப் பார்த்தேன். மை சிந்தியதல்ல.

அந்த அரை, தேடா கோல்ப்.
மிசிசிப்பியில் வாரியெடுத்த மட்டிச் சிப்பிகளைத்
துளைத்துப் பொத்தான் வெட்டும் ஆலையில்
காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.
பிறகு மேடேறி வருவாள்,
பாவாடை விளிம்பு நனைந்து, நகக்கண்ணில் வெண்தூள்,
மற்றவர்கள் லத்தீன் முடித்து
விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில்.
அன்னை திரியைத் தூண்டிவிடுவார்.
அரைக் கட்டணம். அதுவும் காசாக இல்லை:
"கோல்ப், பொத்தான், பன்னிரண்டு டஜன்."

ஆயருக்குப் பிடிக்கவில்லை. கடிதம் மூன்று:
பெண்களுக்கு வடிவியல் எதற்கு,
இரவில் எதற்கு, ஆலைக்காரிக்கு எதற்கு.
அன்னையின் பதில் ஒன்றுதான்:
"ஆண்டகை அவர்களே, கூரை ஒழுகுகிறது.
ஓடு வாங்கித் தந்தால் தங்கள் பெயரைப் பொறிப்போம்."
மேற்குத் தாழ்வாரத்தில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

1901 மார்ச்சில் "மாணவிகள் பதினெட்டு."
அரை காணவில்லை.
தேடா முழுதாகிவிட்டாளா, நின்றுவிட்டாளா?
பேரேடு வாய் திறக்கவில்லை.

பிறகு எல்லாம் வேகம். தாள் தடிக்கிறது, கைகள் மாறுகின்றன.
தாதியர் வேண்டுமென்று மருத்துவமனை கேட்ட ஆண்டு
செங்கல் கட்டடம்.
போர் முடிந்து பையன்கள் அரசாங்கக் காசோலையோடு வந்த ஆண்டு
படைமுகாமின் தகரக் கொட்டகை பதினொன்று;
கன்னியர் உணவறையை அவர்களுக்கு விட்டுவிட்டுச்
சலவை அறையில் நின்றபடி சாப்பிட்டார்கள்.
1971இல் வாசலின் பித்தளை எழுத்துகளைக் கழற்றிக்
கல்லூரியைப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள்.
புதுச் சொல் நீளம். கல் போதவில்லை.
புனிதையின் பெயரைக் கொஞ்சம் நெருக்கிப் பதித்தார்கள்.

இன்று ஒன்பதாயிரத்து நானூறு பேர்.
கன்னியர் மூவர். முதியோர் இல்லத்தில்
செபமாலையைக் கையில் பிடித்தபடி
எங்கள் கூடைப்பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள்,
நடுவரைத் திட்டுகிறார்கள்.

நான் பத்தொன்பது ஆண்டாகப் பகுதிநேரம்.
முதலாண்டுக் கட்டுரைப் பாடம். அறை கிடையாது;
விடைத்தாள்கள் காரின் பின்னிருக்கையில்.
பணியாளர் பட்டியலில் லோர்னா பியூடெலியர்
என்பதற்கு எதிரே
புள்ளி ஐந்து.

மலரின் அச்சுப்படி நேற்று வந்தது.
"ஏழு மாணவிகளுடன் தொடங்கிய..."
தகவல் அலுவலகப் பையன் நல்லவன்தான். சொன்னான்:
"ஆறரை என்றால் அச்சுப்பிழை என்பார்கள்.
முழுதாக்கிவிட்டோம்."

சன்னலுக்கு வெளியே
புதிய அறிவியல் கூடத்துக்குப் பள்ளம்.
பழைய அடித்தளத்திலிருந்து எந்திரம் வாரிக் கொட்டுகிறது:
மண்ணில்லை, சிப்பி. மலைமலையாகச் சிப்பி.
ஆலை வீசியதைக் கொண்டுவந்து
அன்னை பள்ளம் தூர்த்திருக்கிறார்.
ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வட்ட ஓட்டை,
பொத்தான் போன இடம்.

ஒன்றைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டேன்.
ஏழு என்பதை அடித்து
ஓரத்தில் பென்சிலால் திருத்தினேன்.
நாளை மறுபடி அழித்துவிடுவார்கள், தெரியும்.

மாலை வகுப்பு ஆறரைக்கு.
பன்றி இறைச்சி ஆலையிலிருந்து நேரே வருகிற யாரித்ஸா
இருபது நிமிடம் பிந்துவாள்,
ரப்பர் பூட்சைக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்காருவாள்,
சில நாள் தூங்கிவிடுவாள்.

கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை.
சிப்பியை இடையில் வைத்துப் பார்க்க வேண்டும்,
தாங்குகிறதா என்று.